தூத்துக்குடியில் என்ன சாப்பிடலாம், எங்கே வாங்கலாம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூத்துக்குடிக்கு வருகிற நண்பர்களும் அவர்களுடைய நண்பர்களும் என்னிடம் கேட்பவை கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். மக்ரூன் எந்தக் கடையில் வாங்குவது, பரோட்டாவுக்கு எங்கே போவது, மீன் சாப்பாடு நன்றாக இருக்குமா, சைவக்காரர் என்ன செய்வது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதுவதற்குப் பதிலாக இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். நான் இந்த ஊரில் பிறந்து, இந்த ஊர்க் கடைகளில் சாப்பிட்டு வளர்ந்த ஆள். எந்தக் கடைக்குப் போகிறீர்கள் என்பதைவிட எந்த நேரத்துக்குப் போகிறீர்கள் என்பதுதான் இங்கே பெரிய விஷயம். கீழே உள்ள பதில்களில் பாதி அதைப் பற்றித்தான்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எப்படிச் சாப்பிடலாம்?

சென்னையிலிருந்து முத்துநகர் எக்ஸ்பிரஸில் காலையில் வந்து இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் இட்லி, உளுந்த வடை. கொஞ்ச நேரம் கழித்து, வெயில் ஏறும் முன், பேக்கரிக்குப் போய்விடுங்கள். மதியம் மீன் சாப்பாடு. நான்கு மணிக்கு ஒரு டீக்கடையில் சுசியமோ ஆமவடையோ. அப்புறம் கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு, விளக்கு போட்ட பிறகு பரோட்டா. அன்றிரவே ரயில் என்றால் பரோட்டாவை ஏழு மணிக்கே முடித்துக்கொள்ளுங்கள்; அந்த நேரத்தில் கல் நன்றாகச் சூடேறியிருக்கும், கூட்டமும் அவ்வளவு வந்திருக்காது.

இந்த வரிசையை மாற்றாதீர்கள். மதியம் பரோட்டாவும் இரவு மீன் சாப்பாடும் தேடினால் கிடைக்கத்தான் செய்யும். ஆனால் காலையில் போட்ட பரோட்டாவும் மதியம் வைத்த குழம்பும்தான் இலைக்கு வரும்.

மக்ரூன் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது என்ன?

முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரிப்பருப்பு. இந்த மூன்றும்தான். மைதா கிடையாது, வெண்ணெய் கிடையாது, எண்ணெய் கிடையாது. வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு சேர்த்து நுரை பொங்க அடிப்பார்கள். பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் நுரை விழாது என்கிற பதம் வந்ததும் பொடித்த முந்திரியைக் கலப்பார்கள். இதற்குப் பிறகு வேகமாக வேலை செய்ய வேண்டும், ஏனென்றால் முந்திரியில் இருக்கிற எண்ணெய் நுரையை அமர்த்திவிடும். அதிகம் கிளறினால் மாவு இளகி, தட்டில் வைத்ததும் பரந்து போகும். கூம்பு கூம்பாகத் தட்டில் வைத்து, சூடு தணிந்த அடுப்பில் நெடுநேரம் உலரவிடுவார்கள். வேகவைப்பதைவிட உலர்த்துவதுதான் அங்கே நடக்கிற வேலை. சூடு கொஞ்சம் கூடினால் வெளிப்புறம் பழுப்பேறி உள்ளே பிசுபிசுப்பாக நின்றுவிடும்.

கடித்தால் மேல் ஓடு மெல்ல நொறுங்கும். உள்ளே இருப்பது நாக்கில் கரைந்துவிடும். கடைசியில் வாயில் மிஞ்சுவது முந்திரியின் சின்னச் சின்னத் துண்டுகள் மட்டும்.

பிரெஞ்சுக் கடைகளில் வண்ண வண்ணமாக, நடுவில் கிரீம் வைத்து விற்கிறார்களே, அதை மனத்தில் வைத்துக்கொண்டு வந்தால் ஏமாந்துபோவீர்கள். அது பாதாமில் செய்வது. மென்மையாக இருக்க வேண்டியது. நம்முடையது முந்திரியில் செய்வது. மொறுமொறுப்பாக இருக்க வேண்டியது.

சரி, எந்தக் கடையில் வாங்குவது?

தனலட்சுமி, கணேஷ், ஞானம் ஆகிய மூன்று பெயர்களையும் ஊரில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கடை இருக்கும். அம்மா வீட்டில் ஒன்று, மாமியார் வீட்டில் ஒன்று என்று அதில் சண்டையும் நடக்கும். நான் யார் பக்கமும் சேரப்போவதில்லை. இந்த மூன்றில் எதில் வாங்கினாலும் ஊரின் மக்ரூன் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஒரு யோசனை சொல்கிறேன். முதலில் ஒரு கடையில் நூறு கிராம் மட்டும் வாங்கி, கடை வாசலிலேயே சாப்பிட்டுப் பாருங்கள். அடுத்த கடையிலும் அப்படியே. பிடித்த கடைக்குத் திரும்பி வந்து பொட்டலம் போடச் சொல்லுங்கள். எல்லாம் ஊருக்குள்ளேயே இருக்கிற கடைகள்தான், ஆட்டோவில் ஒரு சுற்றில் முடிந்துவிடும். கூட்டத்தைப் பார்த்து மலைத்துப்போய் முதல் கடையிலேயே இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும்.

பேருந்து நிலையப் பக்கத்திலும் நெடுஞ்சாலை ஓரத்திலும் ‘ஒரிஜினல் தூத்துக்குடி மக்ரூன்’ என்று அச்சடித்த அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருப்பார்கள். எந்தப் பேக்கரியில், எந்தத் தேதியில் செய்தது என்று பெட்டியில் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். அப்படி ஒரு பெட்டியைத் திறந்தபோது முந்திரிக்குப் பதிலாக நிலக்கடலை வாசனை வந்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

நல்ல மக்ரூன் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கையில் எடுத்தால் பார்ப்பதற்கு இருக்கிற அளவுக்குக் கனம் இருக்கக் கூடாது. நிறம் பாலேடு போல லேசான மஞ்சள் கலந்த வெள்ளையாக இருக்க வேண்டும். சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் சர்க்கரை மிகுதி, முந்திரி குறைவு. இரண்டாகப் பிளந்து பாருங்கள்: உள்ளே பொடிப்பொடியான காற்று அறைகள் தெரியும், நடுப்பகுதி ஈரமாக இருக்காது. முட்டை வாடை அடித்தால் சரியாக உலரவில்லை என்று அர்த்தம். பல்லில் ஒட்டினால் காற்றுப்பட்டுக் கிடந்த சரக்கு.

கூம்பின் நுனி உடைந்திருப்பது குறை இல்லை. எடுத்துப் போடும்போது எத்தனை பத்திரமாகக் கையாண்டாலும் சில உடையும். உடைந்த தூளைக் கடைக்காரர் தனியே தந்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். வெனிலா ஐஸ்கிரீம் மேல் தூவிச் சாப்பிட அதைவிட நல்லது எதுவும் இல்லை.

மக்ரூனை போர்த்துக்கீசியர்தான் சொல்லிக்கொடுத்தார்களாமே?

எல்லாக் கட்டுரையிலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். நான் அதை அப்படியே திருப்பிச் சொல்வதில்லை. போர்த்துக்கீசியர் இந்தக் கரைக்கு வந்தது 16-ஆம் நூற்றாண்டில். 1658-ல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்துக்கொண்டார்கள், பின்னால் ஆங்கிலேயர். இன்று நாம் வரிசையில் நிற்கிற பேக்கரிகளோ 20-ஆம் நூற்றாண்டுக் கடைகள். நடுவில் இத்தனை காலம் இருக்க, ஒரு செய்முறை கைமாறாமல் நேரே வந்தது என்று நினைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆனால் முந்திரி மரத்தையே பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கீசியர்கள்தான். அந்த வகையில் கடன் உண்டு. வெள்ளைக்கருவும் பாதாமும் சேர்த்துச் செய்யும் ஐரோப்பியப் பண்டத்தில் பாதாமுக்குப் பதில் முந்திரி வந்தது துறைமுக ஊரில் நடக்கக்கூடிய காரியம்தான். முந்திரித் தொழிலுக்குப் பேர்போன கொல்லம், மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. வெளிநாட்டுப் பச்சை முந்திரி வந்து இறங்குகிற துறைமுகங்களில் தூத்துக்குடியும் ஒன்று. ராமேசுவரம் வழி திறந்த 1914 வரைக்கும் கொழும்புக்குப் போகிற ரயில் பயணிகள் இங்கே வந்துதான் கப்பல் ஏறினார்கள். வ.உ.சி. 1906-ல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி வெள்ளைக்காரக் கம்பெனியோடு போட்டி போட்டதும் அதே தூத்துக்குடி–கொழும்புத் தடத்தில்தான். இப்படி ஆள் போக்குவரத்து உள்ள ஊரில் ரொட்டி அடுப்பு இல்லாமல் இருக்குமா?

எனக்கு இதில் பெருமை எங்கே என்றால், அந்த முந்திரியையும் வெள்ளைக்கருவையும் இந்தக் கடற்கரை ஈரக்காற்றில் மொறுமொறுப்பாக நிற்கவைத்த அடுப்புக்காரர்களிடம். அவர்கள் பெயர் எந்தக் கட்டுரையிலும் வருவதில்லை.

மக்ரூனில் முட்டை இல்லாதது கிடைக்குமா?

முட்டை இல்லாமல் மக்ரூன் இல்லை. முட்டை சாப்பிடாதவர்களுக்கு வேறு நல்ல பண்டங்கள் கீழே சொல்லியிருக்கிறேன்.

ஊருக்கு எடுத்துப்போகும் வரை கெடாமல் இருக்குமா?

ஈரம்தான் இதற்கு எதிரி. இறுக மூடும் டப்பா ஒன்றை வீட்டிலிருந்தே கொண்டுவாருங்கள். எவர்சில்வர் தூக்குச் சட்டி போதும். பேக்கரியில் பிளாஸ்டிக் பையில் கட்டித் தருவதை அப்படியே டப்பாவுக்குள் வைத்து மூடிவிட்டால் பதினைந்து நாள் வரை நன்றாக இருக்கும். பிரிட்ஜில் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் வேர்த்து, பத்து நிமிடத்தில் பிசின் மாதிரி ஆகிவிடும். காருக்குள் வெயில் படும் இடத்திலும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் வந்தால் கொஞ்சமாக வாங்குங்கள்.

ரயிலில் பையின் அடியில் போட்டால் ஊர் போய்ச் சேர்வது மாவுதான். மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேக்கரிகளில் மக்ரூன் தவிர வேறு என்ன வாங்கலாம்?

நிறைய இருக்கிறது, வெளியூர்க்காரர்கள்தான் திரும்பியே பார்ப்பதில்லை. நெய் பிஸ்கட், தேங்காய் பிஸ்கட், ரஸ்க், மாலையில் சூடாக வரும் பன். அடுப்பிலிருந்து பன் இறங்குகிற நேரத்தைக் கடைக்காரரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். “பன் எப்ப வரும் அண்ணாச்சி?” என்று கேட்டால் போதும், சரியாகச் சொல்வார்கள். அந்த நேரத்தில் போய் நின்றால் கடை வாசலிலேயே வாசனை பிடித்து இழுக்கும்.

கிறிஸ்துமஸ் கேக்கைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இந்த ஊரில் கிறிஸ்தவக் குடும்பங்கள் ஏராளம். டிசம்பர் பிறந்துவிட்டால் உலர்பழம் போட்ட கேக்கின் வாசனை தெருவெல்லாம் இருக்கும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் போய் நின்று கேட்டால் கிடைக்காது. டிசம்பர் முதல் வாரத்திலேயே சொல்லிவைத்துவிட வேண்டும்.

பேக்கரிகளில் மஸ்கோத் அல்வாவும் பார்க்கலாம். அதற்குப் பேர்போன இடம் சாத்தான்குளம் பக்கத்தில் உள்ள முதலூர். 1799-ல் கிறிஸ்தவர்களுக்காக உருவான ஊர் அது. நெல்லை அல்வாவுக்கு நெய் எப்படியோ, மஸ்கோத்துக்குத் தேங்காய்ப்பால் அப்படி. பால் காயக் காய அதிலிருந்து பிரிகிற எண்ணெயிலேயே அல்வா திரண்டு வரும். வாயில் வைத்ததும் தேங்காய் மணம் வர வேண்டும், வழவழப்பாக இருக்க வேண்டும், தொண்டையில் அடைக்கக் கூடாது. முட்டை கிடையாது, மக்ரூன் சாப்பிடாதவர்கள் தாராளமாக வாங்கலாம். திருச்செந்தூர் போகிறவர்கள் கொஞ்சம் சுற்றி முதலூர் வழியாகப் போனால் செய்கிற இடத்திலேயே வாங்கலாம். என் விருப்பம் அதுதான். தேங்காய்ப் பண்டம் நாளாக ஆகக் காறல் வாடை அடிக்கும்.

தூத்துக்குடி பரோட்டாவில் அப்படி என்ன விசேஷம்?

அளவு சின்னது, அடுக்கு நிறைய, ஓரம் மொறுமொறுவென்று இருக்கும். மாவைப் பிசைந்து எண்ணெயில் ஊறப்போட்டு, உருட்டி, வீசி, சுருட்டி, தட்டிக் கல்லில் போடுவது எல்லா ஊரிலும் உண்டு. இங்கே கல்லில் எண்ணெய் தாராளமாக நிற்கும். பாதி சுட்டும் பாதி பொரிந்தும்தான் பரோட்டா வெளியே வருகிறது. முழுக்க எண்ணெயில் மூழ்கவிட்டுப் பொரித்தெடுத்தால் பொரிச்ச பரோட்டா. அப்பளம் மாதிரி நொறுங்கும். அதைப் பிய்த்துப் போட்டு, மேலே சால்னா ஊற்றி, ஊறியும் ஊறாமலும் இருக்கிற அந்த இரண்டு நிமிடத்துக்குள் சாப்பிட வேண்டும்.

பரிமாறுவது வாழை இலையில். தாமிரபரணிப் பாசனத்தில் ஏரல், ஸ்ரீவைகுண்டம், ஆத்தூர் பக்கமெல்லாம் வாழைத் தோட்டங்கள்தான், அதனால் இலைக்குப் பஞ்சமில்லை. சூடான சால்னா இலையில் பட்டதும் ஒரு மணம் எழும். பிளாஸ்டிக் தாள் விரித்த தட்டில் அந்த மணம் வராது. தாள் போடுகிற கடையாக இருந்தால் நான் இலை கேட்பேன். நீங்களும் கேளுங்கள்.

சால்னாதான் கடையின் உயிர். தேங்காய், சோம்பு, கசகசா, பட்டை அரைத்து, கறி வெந்த சாற்றோடு தண்ணீராக வைப்பது. கெட்டியாக இருந்தால் அது குழம்பு, பரோட்டாவுக்குள் இறங்காது. முதலில் சால்னாவை மட்டும் ஊற்றிச் சாப்பிடுங்கள். கோழியும் சுக்காவும் அப்புறம் வரட்டும். “சால்னா இன்னும் கொஞ்சம் ஊத்துங்க அண்ணாச்சி” என்று எத்தனை முறை கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டார்கள். சால்னாவுக்குக் கணக்குப் பார்க்கிற கடைக்கு இந்த ஊரில் ஆள் வராது. கூடவே ஒரு பவண்டோ வாங்கிக்கொண்டால் எண்ணெய் தெரியாது.

‘நைட் கிளப்’ என்று பலகை பார்த்தேன். குடும்பத்தோடு போகலாமா?

தாராளமாகப் போகலாம். இரவு நேர பரோட்டாக் கடைக்கு இங்கே வழங்குகிற பெயர் அது. ஆட்டமும் இல்லை, மதுவும் இல்லை. தாத்தா, பாட்டி, கைக்குழந்தை என்று குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுகிற இடம்.

எந்த பரோட்டாக் கடை நல்லது என்று ஒரு பெயராவது சொல்லக் கூடாதா?

மக்ரூனுக்குச் சொன்னேன், பரோட்டாவுக்குச் சொல்ல மாட்டேன். மக்ரூனின் தரம் அடுப்பிலும் அளவிலும் இருக்கிறது, ஆள் மாறினாலும் ஓரளவு நிற்கும். பரோட்டாவின் தரம் மாஸ்டரின் கையில் இருக்கிறது. மாஸ்டர் கடை மாறினால் ருசியும் அவரோடு போய்விடும். போன வருடம் நான் எல்லோரையும் அனுப்பிய கடைக்கு இந்த வருடம் நானே போவதில்லை.

கடையைத் தேர்ந்தெடுக்கும் வழியைச் சொல்கிறேன். வாசலில் கல்லைப் பாருங்கள். சுட்ட பரோட்டாவைக் குவித்து வைத்திருந்தால் நகர்ந்துவிடுங்கள். உருண்டைகள் வரிசையாக ஊறிக்கொண்டிருக்க, ஆள் உட்காரும் வேகத்துக்குச் சுட்டுப் போட்டால் உள்ளே போங்கள். சுட்டதும் நாலைந்தை அடுக்கி இரண்டு கையாலும் பக்கவாட்டில் அடித்து அடுக்கை விரிக்கிறாரா பாருங்கள். பொட்டலம் வாங்க வீட்டுக்காரர்கள் தூக்குச் சட்டியோடு நிற்கிறார்களா என்றும் பாருங்கள். சால்னாவுக்குச் சட்டி கொண்டுவருகிறவர் அந்தக் கடையை நம்புகிறவர்.

மீன் சாப்பாடு எங்கே, எப்போது?

மதியம், அதுவும் ஒரு மணிக்கு முன்னால். அதற்குமேல் போனால் வறுத்த மீன் ஆறிப்போயிருக்கும், குழம்பில் துண்டு இருக்காது. பழைய பேருந்து நிலையத்தைச் சுற்றியும் கடற்கரைச் சாலைப் பக்கமும் சின்னச் சின்ன மெஸ்கள் உண்டு. எட்டு பெஞ்சு போட்ட கடையாக இருந்தாலும் பரவாயில்லை. உட்காருவதற்கு முன் “இன்னைக்கு என்ன மீன்?” என்று கேளுங்கள். மூன்று, நான்கு மீன் பெயர் பட்டென்று வந்தால் நல்ல கடை. வருஷம் முழுக்க ஒரே மீனைச் சொல்கிற கடை குளிர்பெட்டியை நம்பி நடக்கிற கடை.

சென்னையில் வஞ்சிரம் என்கிறதை இங்கே சீலா என்போம். விலை கூடியது, வறுத்தால் அருமையாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் குழம்புக்கு என் ஓட்டு விளமீனுக்கும் ஊளிக்கும்தான். விளமீன் சதை பூப்போலப் பிரியும், முள்ளும் தொந்தரவு செய்யாது. ஊளி கொஞ்சம் அழுத்தமான சதை, புளியையும் காரத்தையும் தாங்கும். பணம் குறைவாக இருக்கிற நாளில் சாளை வறுவல். அந்த ருசிக்கு முன் விலை கூடிய மீன்கள் நிற்காது. முள்ளுக்குப் பயந்து சாளையை ஒதுக்குகிறவர்கள் இந்தக் கடலின் பெரிய சந்தோஷம் ஒன்றை இழக்கிறார்கள்.

குழம்பு தேங்காய் அரைத்து வைப்பது. சின்ன வெங்காயம், சீரகம் சேர்த்து அம்மியில் அரைத்த பதத்தில், புளி அளவாக, மாங்காய்க் காலத்தில் மாங்காயோ முருங்கைக்காயோ போட்டு. மதுரைக்கு வடக்கே கிடைக்கிற சிவந்த, எண்ணெய் மிதக்கிற மீன் குழம்பை எதிர்பார்க்காதீர்கள்.

மீன் வரத்துக்கு ஒரு காலக்கணக்கு உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த நாட்களில் நாட்டுப்படகு மீன்தான், வரத்து குறைவு, விலை ஏறும். மீனவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. சனிக்கிழமை திரேஸ்புரத்தில் படகுகள் கரை வந்து சேரும்போது ஊரே மீன் வாங்க வந்து நிற்கும். திங்கட்கிழமை மதியம் மீன் சாப்பாடு தேடுவதைத் தவிருங்கள்.

சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஊரில் என்ன இருக்கிறது?

காலை டிபனில் குறையே இருக்காது. இட்லி, பூரி கிழங்கு, ரச வடை எல்லாம் நம்பிச் சாப்பிடலாம். மதியச் சாப்பாடு எங்கேயும் இருப்பதுதான், சிறப்பாகச் சொல்ல ஒன்றுமில்லை.

உண்மையில் இந்தப் பக்கத்துச் சைவச் சமையலின் சிறப்பெல்லாம் வீட்டுக்குள் இருக்கிறது. தேங்காய்ப்பாலில் பாசிப்பருப்பும் காய்களும் போட்டுச் செய்கிற சொதி, அதற்குத் தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும். கூட்டாஞ்சோறு. திருநெல்வேலியிலும் இங்கேயும் உள்ள சைவப் பிள்ளைமார் வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுச் சாப்பாடு சொதி இல்லாமல் நடக்காது. ஓட்டல்களில் இவை தினமும் கிடைப்பதில்லை. எங்காவது ‘இன்று சொதி’ என்று எழுதிப் போட்டிருந்தால் மற்ற திட்டத்தை எல்லாம் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்துவிடுங்கள். ஊரில் தெரிந்தவர்கள் இருந்து, வீட்டுக்குக் கூப்பிட்டால் கூச்சப்படாமல் சொதி கேளுங்கள்.

டீக்கடைப் பலகாரம் எது எது?

உளுந்த வடை, ஆமவடை, சுசியம், பஜ்ஜி. மூன்றரை மணிக்கு மேல் எண்ணெய்ச் சட்டி ஏறும். சுசியம் மட்டும் சூடாக இருக்கும்போதே சாப்பிட்டுவிட வேண்டும்.

காயல்பட்டினம் பக்கம் போனால் சாப்பிட என்ன கிடைக்கும்?

திருச்செந்தூர் போகிற வழியில்தான் இருக்கிறது, இறங்கிப் பார்க்க வேண்டிய ஊர். இந்த முஸ்லிம் ஊரின் சமையலுக்கு இலங்கையோடும் கீழக்கரையோடும் உறவு உண்டு. கல்யாண வீட்டுக் களரிச் சாப்பாட்டில் சோறு, கறி, கத்தரிக்காய் மாங்காய், புளியாணம் என்று வரும். பெரிய தட்டு ஒன்றைச் சுற்றிச் சில பேர் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுவார்கள், அதற்குச் சஹன் என்று பேர். அது கடையில் கிடைக்காது, அழைப்பு வேண்டும். ஆனால் மாலையில் வாடா கிடைக்கும். அரிசி மாவில் தேங்காயும் இறாலும் வைத்துப் பொரித்தது. நோன்பு மாதத்தில் போனால் கஞ்சியோடு சேர்த்துக் கிடைக்கும், அதற்காகவே அந்த மாதத்தில் போகலாம்.

கருப்பட்டி, பதநீர் எங்கே நல்லது?

உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, பேரும் பெரிது. அந்தப் பேரில் சர்க்கரை கலந்த சரக்கும் சந்தையில் ஓடுகிறது. உடைத்துப் பாருங்கள். உள்ளே மங்கலாக, கரும்பழுப்பாக இருக்க வேண்டும்; கண்ணாடிபோல மின்னினால் சர்க்கரை. நாக்கில் வைத்தால் இனிப்போடு மெல்லிய உப்புக் கரிப்பும் தெரிய வேண்டும். சுக்கும் ஏலமும் தட்டிப்போட்ட சில்லுக்கருப்பட்டி திருச்செந்தூர்க் கடைகளில் ஓலைப் பெட்டியில் கிடைக்கும், குழந்தைகளுக்கு அதை வாங்கிக்கொடுங்கள்.

பதநீர் மாசி, பங்குனி தொடங்கி கோடை முழுக்கக் கிடைக்கும். காலை எட்டு மணிக்குள் குடித்துவிட வேண்டும். பனை ஓலைப் பட்டையில் ஊற்றி, மாங்காய்த் துண்டு போட்டுத் தருவார்கள். வெயில் ஏறிய பிறகு தலைச்சுமையாக வரும் பதநீரில் புளிப்பு தொடங்கியிருக்கும், அல்லது ஐஸ் போட்டு ருசியை அடித்திருப்பார்கள். பனையேறுகிறவர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வருகிறார்கள். விலை சொன்னால் பேரம் பேசாதீர்கள்.

கருவாடு வாங்கலாமா?

கட்டாயம். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடி அதிகம் உப்பு விளைகிற ஊர் இது, வெயிலுக்கும் குறைவில்லை. நெத்திலி, பாறை, சீலா என்று சந்தையில் வகை வகையாக இருக்கும். கையில் தொட்டால் ஈரம் ஒட்டக் கூடாது, மணல் நெறுநெறுக்கக் கூடாது.

மாசிக் கருவாட்டை மறந்துவிடாதீர்கள். சூரை மீனை அவித்து, புகையில் காட்டி, வெயிலில் மரக்கட்டை போல ஆகும் வரை காயவைத்தது. மாலத்தீவுக்கும் கொழும்புக்கும் போய்வந்த தோணிக்காரர்கள் வழியாக இந்தக் கரைக்குப் பழகிய பண்டம். இடித்துத் தூளாக்கி, தேங்காய், மிளகாய் வற்றல், சின்ன வெங்காயம் சேர்த்துச் சம்பல் அரைத்தால் பழைய சோற்றுக்கு அதுபோல் ஒன்று அமையாது. ரயிலில் கொண்டுபோகிறவர்கள் மூன்று உறை போட்டுக் கட்டச் சொல்லுங்கள், மக்ரூன் டப்பாவுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

எந்த மாதம் வந்தால் நல்லது?

சாப்பாட்டுக்காக மட்டும் என்றால் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை. மழை ஓய்ந்து காற்று உலர்ந்திருக்கும், மக்ரூன் நல்ல பதத்தில் இருக்கும். மீன் தடைக்காலம் தொடங்கியிருக்காது. மார்ச்சில் பதநீரும் வந்துவிடும். பனிமய மாதா கோவில் திருவிழா ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை நடக்கும். அப்போது வந்தால் ஊரின் முழுக் கொண்டாட்டத்தையும் பார்க்கலாம். ஆனால் பேக்கரியில் நெடுநேரம் நிற்க வேண்டியிருக்கும், பரோட்டாக் கடையில் இடம் பிடிக்கவும் காத்திருக்க வேண்டும்.

வழியில் பக்கத்து ஊர்களில் என்ன வாங்கிக்கொள்ளலாம்?

மதுரையிலிருந்து கோவில்பட்டி வழியாகக் காரில் வருகிறவர்கள் சாத்தூரில் காராச்சேவும் கோவில்பட்டியில் கடலை மிட்டாயும் வாங்கலாம். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இதற்காகக் கோவில்பட்டி ஊருக்குள் போக வேண்டும். புறவழிச்சாலைக் கடைகளில் தொங்குவது எங்கே செய்தது என்று தெரியாது. திருநெல்வேலி வழியாகத் திரும்பினால் அல்வா. ஆனால் மூன்றையும் மக்ரூனையும் ஒரே பயணத்தில் கிலோக் கணக்கில் வாங்கிக் குவிக்காமல், ஒவ்வொன்றிலும் கால் கிலோ போதும். எல்லாமே புதிதாக இருக்கும்போதே சாப்பிட்டு முடிக்க வேண்டியவை.